ஒரு நாளும் மக்கர் பண்ணாத மெஷின்

மருந்துக்கடை அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரம் கழுவும் தொட்டியில் கரண்டிகள் விழுந்த சத்தத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தார். மகளும் நிமிர்ந்தாள். வீட்டுக்காரர் மட்டும் நிமிரவில்லை. அவருக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி எப்போதோ பழகிப் போய்விட்டது.

தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். காலையில் மருந்துக்கடை கவுண்டரில் நின்று சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள், மதியம் வீட்டுக்கு வந்ததும் மீதி வேலையைத் தொடங்குபவள். அன்றைக்குக் கரண்டிகள் விழுந்ததற்குக் காரணம் ஒரு துணி உலர்த்தும் மெஷின்.

மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். மூன்றாவது மாடியில் ஒரு அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. மழை பிடித்துக்கொண்டு விட்டபாடில்லை. கதவு நிலையிலிருந்து ஜன்னல் கம்பி வரை கயிறு கட்டி, குனிந்து குனிந்து நடக்கிறாள். துணி காயவில்லை, வாடை போகவில்லை, குழந்தைகள் இரண்டுக்கும் சளி விடவில்லை. இதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். மகள் அழுதால் அவருக்குத் தாங்காது, அது உண்மைதான். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நம்ம டிரையரை எடுத்துட்டுப் போ."

"அப்ப உங்களுக்கு?"

"நாங்க புதுசு ஒண்ணு வாங்கிக்கிறோம். நான் ரிட்டயர் ஆகப் போறேன், வீட்டுக்கு ஒரு புது மெஷின் வந்தா என்ன, குறைஞ்சா போயிடும்?" என்றவர், மாப்பிள்ளை பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "அந்தக் காலத்து மெஷின் மாப்பிள்ளை. அத்தனையும் இரும்பு. இப்ப வர்றதெல்லாம் தொட்டா உடையுற பிளாஸ்டிக்கு. இவ ஸ்கூல் சேர்ந்த வருஷம் வாங்கினது. இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல. ஒரு மெக்கானிக் இந்த வாசப்படியை மிதிச்சதில்ல. பட்டனை அழுத்தினா ஓடும், அவ்வளவுதான்."

பட்டனை அழுத்தினால் ஓடுமாம்! அவர் வாழ்க்கையில் அந்தப் பட்டனை அழுத்தியதே கிடையாது. ஒரு பெயின்ட் கம்பெனியின் கிடங்கில் சாமான் கொடுத்து வாங்கும் வேலை அவருக்கு. கிடங்கில் எந்த அலமாரியில் எந்த டப்பா என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். வீட்டில் டிரையர் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டால் தெரியாது. மடித்த சட்டை அலமாரியில் இருந்தது, அதனால் மெஷின் ஓடியது. இதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"அதைக் குடுக்க வேண்டாம்," என்றாள் அக்கா, தொட்டியிலிருந்து திரும்பாமலே.

மகள் தட்டைப் பார்த்தாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, "பரவால்ல அத்தை, இருக்கட்டும்" என்று அவசரமாகச் சொன்னார். வீட்டுக்காரர் சிரித்தார்.

"இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்குல்ல? அவளுக்குப் பிரிய மனசு வரல. சரியாயிடும், நீங்க அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியோட வாங்க."

பிரிய மனசு! அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டிருப்பாள். கண்ணாடித் தட்டாக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள்.

அந்த மெஷினுக்கும் அவளுக்கும் இருந்த உறவை என்னவென்று சொல்வது? வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் கிடங்கு. வெளியே கொடி கட்டினால் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அதனால்தான் அதை வாங்கினார்கள். முதல் சில வருஷம் நன்றாகத்தான் ஓடியது, அதில் பொய் இல்லை. பிறகு கதவின் கொக்கி தேய்ந்தது. கதவு சரியாக மூடியிருக்கிறது என்று மெஷினுக்குத் தெரிந்தால்தான் அது ஓடும். அதைத் தெரியவைக்க, கீழ் மூலையை யாராவது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அட்டையை மடித்துச் செருகிப் பார்த்தாள், அதிர்வில் விழுந்தது. நாற்காலியை முட்டுக் கொடுத்துப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வலது முழங்காலை வைத்து அழுத்தினாள். கதவு அசையாமல் நின்றது. அன்றிலிருந்து முழங்கால்தான்.

அப்புறம் உள்ளே இருக்கும் டிரம் தானாகச் சுற்றத் தொடங்குவதை நிறுத்திக்கொண்டது. கையை விட்டு ஒரு சுழற்று சுழற்றி, அது நிற்பதற்குள் கதவைச் சாத்தி, முழங்காலைக் கொடுத்து, பட்டனை அழுத்த வேண்டும். நேரக் குமிழ் பாதியில் நின்றுவிடும். நின்றுவிட்டால் மெஷின் பாட்டுக்குச் சூடேறிக்கொண்டே போகும், துணி கருகும் வரை அதற்கு விவஸ்தை கிடையாது. அதனால் அவள் வாசனையை வைத்துத்தான் நிறுத்துவாள். பஞ்சு சேரும் வலை கிழிந்தபோது பழைய கொசுவலையை வெட்டித் தைத்துப் போட்டாள். காற்றுக் குழாயைக் கழற்றி அடைத்திருக்கும் பஞ்சை வாரி எடுப்பது தனி வேலை. விட்டால் தீப்பிடிக்கும் என்று கடைக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மெஷின் ஓடும்போது அவள் பாத்ரூமுக்குக்கூடப் போனதில்லை.

முழங்காலில் கறுப்பாகக் காய்த்துப்போயிருந்தது. கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பும் டாக்டர், ஒருநாள் அவள் வலிக்குக் காட்டியபோது அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப சாமி கும்பிடுவீங்களோ?" என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்னாள். ஒவ்வொரு மழைக்காலமும் சொன்னாள். புதுசு ஒன்று பார்க்கலாமா என்று கேட்டாள், ஒருத்தரைக் கூப்பிட்டுச் சரி பண்ணலாமா என்று கேட்டாள். "நல்லா ஓடுற மெஷினுக்கு என்னத்துக்கு வைத்தியம்?" என்பார் வீட்டுக்காரர். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஏனென்றால் அன்றைக்கும் சட்டை காய்ந்து மடிப்பு கலையாமல் அலமாரியில் இருக்கும்.

அந்த வாரம் முழுக்க அக்கா பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை மகள் போன் செய்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்க மாட்டியே? அந்த மெஷின் மேல உனக்கு அவ்வளவு பாசமா?"

"பாசமா? அது சரியில்லடி. ஓடாது."

"எங்க துணியெல்லாம் அதுலதானேம்மா காஞ்சது? யூனிஃபார்ம் எப்பவும் சூடா, மெத்துனு இருக்கும். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. குடுக்க இஷ்டமில்லேன்னா இஷ்டமில்லேன்னு சொல்லிடு. ஓடாதுன்னு பொய் ஏன் சொல்ற?"

போனை வைத்தபின் அக்கா வெகுநேரம் கவுண்டரைத் துடைத்தாள். பெற்ற பெண்ணே பொய் என்கிறாள். வீட்டுக்காரர் இதற்குள் சொந்தக்காரர்கள் மத்தியில் தமாஷாகப் பரப்பிவிட்டார். அடுத்த நாள் அவளுடைய சொந்தத் தங்கையே கூப்பிட்டு, "பேரப்பிள்ளைங்களுக்கு ஒரு பழைய மெஷினைக் குடுக்க உனக்குக் கை வரலியாமே அக்கா?" என்று கேட்டாள். அக்காவுக்குக் காது மடல் சிவந்தது. கொடுப்பதில் கஞ்சத்தனமா அவளுக்கு? அந்த இரட்டைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தது யார்? கொடுப்பதாக இருந்தால் உயிரைக்கூடக் கொடுப்பாள். அந்த முக்காலியைத்தான் கொடுக்க மாட்டாள். அந்த மெஷின் தனியாகப் போகாது, தன் முன்னால் உட்காருவதற்கு ஒரு பெண்பிள்ளையையும் கேட்கும். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தன் பெண் அங்கே உட்கார வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரு சின்ன வேனோடு வந்தார். மகள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள், இன்னொன்று வந்ததும் கூடத்தில் தூங்கிவிட்டது. குழந்தைத் துணிகளை ஈரத்தோடு ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்க," என்றாள் அக்கா. "என் கை படாம."

"அவ்வளவுதானே?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால் நடந்தார்.

சலவை அறை என்பது சமையலறைக்குப் பின்னால் ஒரு சந்து. நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். வீட்டுக்காரர் கதவை இடப்பக்கம் இழுத்துப் பார்த்தார், பிறகு வலப்பக்கம் இழுத்தார். துணியைப் போட்டார். சாத்தினார். பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். கரண்ட் இருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்தது. மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்கும் அது மசியவில்லை. அவர் மெதுவாகத் திரும்பினார்.

"நேத்து வரைக்கும் ஓடிச்சே. நீ என்ன பண்ணே?"

"நானா?"

"குடுக்க மனசில்லேன்னா வாயால சொல்லணும். எதையாவது கழட்டி வச்சிருக்கியா?"

அக்கா மகளைப் பார்த்தாள். அவள் பார்வையிலும் அதே கேள்வி இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு கேவலப்பட்டதாக அக்காவுக்கு ஞாபகம் இல்லை.

"நகருங்க," என்றாள்.

முக்காலியைக் காலாலேயே இழுத்துப் போட்டாள். கதவைத் திறந்து உள்ளே கையை விட்டு டிரம்மை ஒரு சுழற்று சுழற்றினாள், சாத்தினாள், முழங்காலைக் கொடுத்தாள், அழுத்தினாள். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. மெஷின் ஒரு உறுமல் உறுமிவிட்டு, சமர்த்தாக ஓடத் தொடங்கியது.

வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது பாருங்கள்! கைதட்டாத குறைதான்.

"பாத்தியா? ஓடுதா இல்லையா? நான் சொல்லல?"

அக்கா முழங்காலை எடுத்தாள். மெஷின் நின்றது. கொடுத்தாள். உறுமியது, சுற்றவில்லை. கையை விட்டுச் சுழற்றினாள், ஓடியது. மறுபடி எடுத்தாள், நின்றது. நேரக் குமிழைக் காட்டினாள், தைத்த வலையை உருவிக் காட்டினாள், குழாயைத் தட்டிக் காட்டினாள். இனி யாருக்கும் எதுவும் புரியாமல் போக வழியில்லை என்று நினைத்தாள்.

"அட, இவ்வளவுதானா விஷயம்," என்றார் வீட்டுக்காரர். "ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நெளிவு சுளிவு இருக்கும். அவளுக்குச் சொல்லிக் குடு. ஒரே நாள்ல பழகிடுவா."

மகள் வெட்கப்பட்டுப் போயிருந்தாள். பொய் என்று சொன்னதை எப்படி விழுங்குவது என்று தெரியாமல் தவித்தாள். "ஆமாம்மா, சொல்லிக் குடு. நான் கத்துக்கிறேன்," என்றாள். சொல்லிவிட்டு, குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வலது முழங்காலை மெஷின் கதவில் கொண்டுபோய் வைத்தாள்.

அக்காவுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. பெற்று, படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, இத்தனையும் செய்தது இந்த முழங்காலைக் கொண்டுவந்து இங்கே வைப்பதற்கா? ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல், இடம் பார்த்துச் சரியாக வைத்திருக்கிறாளே! மகளின் தோளைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினாள். குழந்தை வீரிட்டது.

"நீ கத்துக்க வேண்டாம். குழந்தைக்குப் பால் குடு, போ. மாப்பிள்ளை, நீங்க வாங்க."

"நானா அத்தை?"

"உங்க வீட்டுக்குத்தானே போகுது? உக்காருங்க."

வீட்டுக்காரர், "அவரைப் போயி..." என்று தொடங்கினார். அக்கா அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் மீதியை விழுங்கிவிட்டார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். உயரமான மனிதர். முக்காலியில் உட்கார்ந்ததும் முழங்கால் தாடைக்கு வந்தது. முதல் தடவை சுழற்றியபோது கதவைச் சாத்துவதற்குள் டிரம் நின்றுவிட்டது. இரண்டாம் தடவை முழங்கால் நழுவியது. அப்புறம் ஒரு மாதிரியாக ஓடியது. "பரவால்லியே!" என்று சிரித்தார். வீட்டுக்காரரும் கூடச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. மெஷின் சூடேற ஏற அந்தச் சந்து வெந்தது. மாப்பிள்ளையின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவர் கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகூட போன் ஓயாது. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கக் குனிந்தார், முழங்கால் விலகியது, மெஷின் நின்றது. பேசி முடித்துவிட்டு மறுபடி திறந்து, சுழற்றி, சாத்தி, அழுத்தினார். மறுபடி போன் அடித்தது.

"அத்தை, ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிறீங்களா?"

"மாட்டேன்."

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

"நீங்க எழுந்தா நின்னுடும். அப்புறம் முதல்லேருந்து."

அவர் முழங்காலை மாற்றி வைத்துப் பார்த்தார், கையால் அழுத்திப் பார்த்தார், முதுகைக் கொடுத்துப் பார்த்தார். அக்கா செய்து பார்த்துக் கைவிட்ட எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் செய்து பார்த்தார். கால் மரத்துப்போய் ஒருமுறை உதறினார், அதற்கும் மெஷின் நின்றது. எட்டி ஒரு உதை விட்டார். கதவைத் திறந்து ஒரு குட்டிச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பாதிகூடக் காயவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யாரையும் குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல், மனதில் பட்டதை அப்படியே சொன்னார்.

"மனுஷன் செய்யற வேலையா அத்தை இது?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இது சரிப்பட்டு வராது மாப்பிள்ளை. ஆளைக் கட்டிப் போட்ட மாதிரி ஆகிடும். ரெண்டு வீட்டுக்கும் புதுசே வாங்கிடலாம். நாளைக்கே கடைக்குப் போவோம்."

நாளைக்கே! அக்காவுக்கு ஒரு கணம் காது அடைத்துப்போனது. அவள் கேட்டதுதான், இத்தனை மழைக்காலமும் கெஞ்சியதுதான், இப்போது சட்டைப் பையிலிருந்து பேனா எடுப்பது போல எடுத்து நீட்டுகிறார். அவள் ஜெயித்துவிட்டாள். அதைவிட ஆத்திரம் அவளுக்கு வேறெதிலும் வந்ததில்லை.

"அவர் உக்காந்து ஒரு ஈடு துணிகூடக் காயல," என்றாள். "அவர் கால் மரத்ததும் மெஷின் கெட்டுப்போச்சு. என் கால் மரத்தப்ப எல்லாம் அது நல்லா ஓடுற மெஷின். இல்ல?"

"இவ்வளவு கஷ்டம்னு எனக்கு எப்படித் தெரியும்?" வீட்டுக்காரர் உண்மையாகவே புண்பட்டுப் போயிருந்தார், அதுதான் கொடுமை. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அக்கா வாயைத் திறந்தாள். பேச எவ்வளவோ இருந்தது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"அம்மா சொன்னாங்கப்பா," என்றாள் மகள்.

சந்தின் வாயிலில் நின்றிருந்தாள். அழுத குழந்தை தோளில் விம்மிக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது.

"எத்தனையோ தடவை சொன்னாங்க. அந்த மேஜையிலதான் சொன்னாங்க. நீங்களும் நானும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்."

அக்கா மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெஷினின் கதவைத் திறந்து ஈரத் துணி அத்தனையையும் அள்ளி, வீட்டுக்காரரின் இரண்டு கையிலும் வைத்து அழுத்தினாள்.

"கூடத்துல கயிறு கட்டிப் போடுங்க," என்றாள். "நல்லா உதறிப் போடணும். இல்லேன்னா காயாது."